வீட்டாரைப் பார்த்தே குரைத்துக் கடிக்க வரும் சின்ன நாய்: பழக்குவதற்கு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பலருடைய வீட்டு நாய் காசு கொடுத்து வாங்கியது இல்லை. மீன் விற்கும் இடத்திலோ, கோயில் வாசலிலோ, டச்சு பே மணலிலோ மெலிந்து நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, மனம் கேட்காமல் தூக்கி வந்ததாக இருக்கும். முதல் சில நாள் அது மூலையில் சுருண்டு கிடக்கும். அப்புறம் ஒருநாள் அப்பா கதிரையை இழுக்கும்போது பாய்ந்து குரைக்கும். அம்மம்மா குனிந்து தடவப் போனால் கையை நோக்கிக் கடக்கென்று பல்லைக் கடிக்கும். "சோறு போட்ட கையையே கடிக்க வருதே" என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கும்.

அந்த நாய் பயந்திருக்கிறது. தள்ளி நில் என்று அது பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறது. ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனால்தான் பல் வெளியே வந்தது. பெரிய நாய் உறுமினால் எல்லோரும் விலகிவிடுவோம். சின்ன நாய் உறுமினால் சிரிக்கிறோம், தூக்கி மடியில் வைக்கிறோம், வீடியோ எடுக்கிறோம். சின்ன நாய்கள் வீட்டாரைக் கடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே இந்த வேலையில் முதலில் பழக வேண்டியவர்கள் வீட்டில் உள்ள மனிதர்கள்தான்.

முதலில் ஊசியும் உடம்பும்

தெருவிலிருந்து வந்த நாய்க்கு முன்பு விசர்நாய்த் தடுப்பூசி போட்டார்களா என்று தெரிய வழியில்லை. போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு உடனே போடுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் எங்கே, எப்போது போடலாம் என்று சொல்வார்கள். அடுத்த ஊசி எப்போது என்று அப்போதே கேட்டு அட்டையில் குறித்து வாங்குங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தவறாமல் போட வேண்டும். மனிதருக்கு இந்த நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம்தான். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

நேற்று வரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று காரணமில்லாமல் பாய்ந்தால், குரல் மாறினால், எச்சில் வடிந்தால், விழுங்கக் கஷ்டப்பட்டால், நடை தள்ளாடினால், பழக்குகிற வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நாயைத் தொடாமல் ஓர் அறையில் பூட்டிவிட்டு வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது வலி. காதுக்குள் புண், ஆடும் பல், தோல் சொறி, பழைய எலும்பு முறிவு, விரல் இடுக்கில் உண்ணி, இவற்றில் எது இருந்தாலும் தொட்டால் கடிக்கும். "தலையைத் தடவினால் மட்டும் சீறுது" என்றால் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். "தூக்கினால் மட்டும்" என்றால் முதுகையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியால் கடிக்கும் நாயை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. மருந்துதான் மாற்றும்.

வந்த புதிதில் சும்மா விடுங்கள்

புது வீட்டில் பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று நாய் பழக்குபவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு நாய்க்கும் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் அந்த முதல் கட்டத்தில்தான் நாம் அதிகமாகத் தொந்தரவு கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள், மாமி வருவார், எல்லோரும் தடவுவார்கள். இது வேண்டாம்.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் பழைய சாக்கோ சேலையோ விரித்து, அதை நாயின் இடம் என்று வையுங்கள். பாயை விரித்துத் தரையில் படுக்கும் வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் நாய் படுத்திருக்கக் கூடாது. இருட்டில் யாராவது அதன்மேல் காலை வைத்துவிட்டால் பல கிழமை பழகியது ஒரே நொடியில் போய்விடும். அது தன் இடத்தில் படுத்திருக்கும்போது யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, எட்டிப் பார்த்துக் கொஞ்சவும் கூடாது.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும், ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வு கிடைக்காத நாய் சிடுசிடுப்பாக இருக்கும். நாள் முழுக்க டிவி, ஆட்கள், பிள்ளைகளின் ஓட்டம் என்று இருக்கும் வீட்டில் பின்னேரமானால் நாய் கடிக்க வருகிறது என்றால், பகலில் அதைத் தூங்க விட்டீர்களா என்று பாருங்கள்.

அது சொல்வதைப் படிக்கப் பழகுங்கள்

கடிப்பதற்கு முன் நாய் செய்பவை ஏறக்குறைய ஒரு வரிசையில் வரும். சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் கண் மட்டும் உங்களைப் பார்க்கும், கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். காது பின்னுக்குப் போகும். வால் தாழும். பிறகு உடம்பு அப்படியே இறுகி நிற்கும், வாய் மூடிக்கொள்ளும். இந்த இறுக்கத்தை எல்லோரும் கவனிக்கப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் உறுமல், பல் காட்டல், காற்றைக் கடித்தல், கடைசியில் கடி.

வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று நம்பிப் பலர் கடி வாங்குகிறார்கள். உடம்பு முழுக்க நெளிந்து ஆடும் வால் வேறு, உடம்பு விறைத்திருக்க வால் மட்டும் உயர்ந்து வேகமாகத் துடிப்பது வேறு.

உறுமலுக்கு ஒருபோதும் ஏசக் கூடாது, அடிக்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். நாய் உறுமினால் செய்து கொண்டிருந்ததை நிறுத்துங்கள், பக்கவாட்டாக மெல்ல விலகுங்கள். எது அதை உறும வைத்தது என்று பிறகு யோசியுங்கள்.

"அப்படி விலகினால் நாய் தலைக்கு மேல் ஏறிவிடும், நீதான் தலைவன் என்று காட்டு" என்று சொல்லும் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அடைத்து வைக்கப்பட்டிருந்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து விலங்கு ஆய்வாளர் ருடோல்ஃப் ஷென்கல் 1947 இல் எழுதியதிலிருந்து அது பரவியது. காட்டு ஓநாய்களைப் பல வருடம் கூடவே இருந்து பார்த்த ஆய்வாளர் டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான், தலைமைக்குச் சண்டை போடும் கூட்டம் இல்லை என்று 1999 இல் விளக்கினார். நாயை மல்லாக்கப் போட்டு அமுக்குவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது எல்லாம் கைகளைப் பார்த்து இன்னும் பயப்பட வைக்கும். அவ்வளவுதான்.

எப்போது, யாரைப் பார்த்து என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், யார், என்ன செய்து கொண்டிருந்தார், நாய் எங்கே நின்றது என்று ஒரு வரி போதும். ஒரு கிழமை எழுதினால் ஒரு சீர் தெரியும். "எல்லோரையும் கடிக்க வருது" என்று நினைத்தது, பார்த்தால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உள்ளே வரும் அண்ணாவையும், தும்புத்தடியுடன் வரும் அம்மாவையும் மட்டுமாக இருக்கும். தெருவில் வாழ்ந்த நாய்க்குத் தும்புத்தடி அடி வாங்கிய நினைவு. கல் எடுக்கக் குனிவது போலக் குனிந்தாலும் அப்படித்தான்.

காரணம் தெரிந்தவுடன் பாதியைப் பயிற்சியே இல்லாமல் தீர்க்கலாம். ஹெல்மெட்டைக் கேற்றடியில் கழற்றுங்கள். கூட்டும் நேரத்தில் நாயை வளவின் மறுபக்கம் விடுங்கள். கதிரையை இழுக்காமல் தூக்கி வையுங்கள். நாய் ஒவ்வொரு முறை பாயும்போதும் அந்தப் பழக்கம் இறுகுகிறது. பாய வேண்டிய சந்தர்ப்பமே வராமல் பார்ப்பது பாதி வேலை.

வீட்டார் எல்லோருக்கும் ஒரே சட்டம்

நேராக நடந்து போய் மேலே கவிந்து நிற்க வேண்டாம். பக்கவாட்டாக உட்காருங்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். நாய் வந்தால் மட்டும் தொடுங்கள், அதுவும் நெஞ்சுப் பக்கமோ தோள்பட்டையோ. மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். அது இன்னும் நெருங்கி வந்தால் திரும்பத் தடவலாம். விலகினால், உதட்டை நக்கினால், அதற்குப் போதும். தூக்குவதைக் கொஞ்ச நாளைக்கு அடியோடு நிறுத்துங்கள். சின்ன நாய்க்குத் தரை காலில் இருந்து போவது மிகப் பெரிய பயம், கடிப்பதைத் தவிர அதற்கு அப்போது வேறு வழியில்லை.

அம்மம்மாவும் அப்பப்பாவும் இந்தச் சட்டத்தைக் கேட்க மாட்டார்கள் என்று பலர் கவலைப்படுவார்கள். "தொடாதீங்கோ" என்று சொல்லிக் கொண்டிருப்பதை விட, அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். நாய்க்குச் சாப்பாட்டுத் துண்டு போடும் பொறுப்பு இனி உங்களுடையது, ஆனால் தரையில் போட வேண்டும், கையில் நீட்டக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். வயதானவர்கள் ஓரிடத்தில் அசையாமல், அமைதியாக இருப்பவர்கள். பல வீடுகளில் நாய் முதலில் நம்புவது அவர்களைத்தான்.

பயத்தை மாற்றும் பயிற்சி

தேவையானது நாய்க்கு உயிரான ஒரு சாப்பாடு. நம்மூரில் அதற்குக் குறைவில்லை. சூரை மீனை உப்பு, மிளகாய் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, கடலை அளவுத் துண்டுகளாக்குங்கள். அவித்த கோழி இறைச்சியும் நல்லது. வெங்காயம் போட்ட கறியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். இந்தத் துண்டு பயிற்சிக்கு மட்டும், மற்ற நேரத்தில் கிடையாது.

அப்பாவைப் பார்த்துக் குரைக்கும் நாய் என்று வைப்போம். அம்மா நாயுடன் விறாந்தையின் ஒரு முனையில் இருக்கிறார். அப்பா மறுமுனையில், நாய் பார்க்கும், ஆனால் குரைக்காத தூரத்தில் தோன்றுகிறார். நாய் பார்த்ததும் அம்மா துண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார். அப்பா மறைகிறார், துண்டும் நிற்கிறது. திரும்ப வருகிறார், துண்டும் வருகிறது. வரிசை முக்கியம்: முதலில் அப்பா, பிறகு மீன். மாறிப் போனால் மீன் வாசம் வந்ததும் "ஐயோ, அந்த ஆள் வரப் போகிறார்" என்று நாய் படித்துக்கொள்ளும்.

குரைத்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், பின்னால் போங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. சில நாளிலோ சில கிழமையிலோ ஒரு மாற்றம் தெரியும். அப்பா வந்ததும் நாய் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, எங்கே என் துண்டு என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பல்தான் நீங்கள் காத்திருந்தது. அதற்குப் பிறகே தூரத்தைக் குறையுங்கள், அதுவும் ஒரு அடி, இரண்டு அடியாக.

அடுத்த கட்டத்தில் அப்பாவே போடலாம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கையை நீட்டி "வா, வா" என்று அழைத்தால், பசியில் நாய் பயத்தை மீறிக் கிட்ட வரும். துண்டை விழுங்கியதும், பயப்படும் ஆளுக்கு மிக அருகில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும், அப்போது கடிக்கும். ஆகவே அப்பா உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்தபடி, துண்டை நாய்க்குப் பின்பக்கம் விழும்படி எறிய வேண்டும். நாய் பின்னால் போய்த் தின்னும், பிறகு தானாகத் திரும்பி வரும். விலகிப் போவதற்கும் சாப்பாடு கிடைக்கிறது, வருவது அதன் விருப்பம். இப்படி வரும் நாய் நிஜமாகவே நம்பி வருகிறது.

உட்கார்ந்த அப்பாவை ஏற்றுக்கொண்ட நாய் எழும்பும் அப்பாவைப் பார்த்துக் குரைக்கலாம். அதற்கு அவர் வேறு ஆள். எழும்புவது, நடப்பது, சாரத்தை உதறிக் கட்டுவது, குடையுடன் வருவது, இருமுவது என்று ஒவ்வொன்றையும் தனியாக, தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

இதனுடன் ஒரு சின்னப் பயிற்சியும் பழக்குங்கள். திறந்த உள்ளங்கையை நாயின் மூக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் காட்டுங்கள். முகர்ந்து மூக்கால் தொட்டதும் "சரி" என்று சொல்லித் துண்டு கொடுங்கள். தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கையைக் காட்டியதும் ஓடி வந்து தொடும். கட்டிலில் இருந்து இறக்க, வழியை விட்டு நகர்த்த, கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுக்காமல் இது போதும். பட்டியைப் பிடிக்கும்போதுதான் எத்தனையோ கைகளில் பல் படுகிறது.

சாப்பாடு, மடி, கட்டில்

தட்டைக் காக்கும் நாய் பட்டினி கிடந்த நாய். அதன் தட்டில் கையை வைத்துப் பழக்க வேண்டும் என்பது பழைய யோசனை, அது காவலை இன்னும் கூட்டும். தனியாக ஒரு மூலையில், யாரும் கடக்காத இடத்தில் சாப்பிட விடுங்கள். உறுமாத தூரத்தில் கடந்து போகும்போது ஒரு மீன் துண்டை எறிந்துவிட்டு நிற்காமல் போங்கள். ஆள் வந்தால் சாப்பாடு கூடும் என்று அது படிக்கட்டும். செருப்பைத் தூக்கிக்கொண்டு போனால் துரத்த வேண்டாம், சற்றுத் தள்ளித் துண்டுகளைக் கொட்டினால் தானே விட்டுவிட்டு வரும்.

அம்மாவின் மடியில் இருந்துகொண்டு அப்பாவைச் சீறும் நாயை வீட்டார் பாசம் என்று ரசிப்பார்கள். அது மடியைக் காக்கிறது. சீறியதும் அம்மா ஏசாமல், பேசாமல், மெல்ல எழும்பிவிட வேண்டும், நாய் தானாக இறங்கிவிடும். சில கிழமைக்கு மடியே இல்லை. அப்பா வரும்போதெல்லாம் தரையில் உள்ள நாய்க்குத் துண்டு விழட்டும். கட்டிலும் அப்படித்தான்: கையைக் காட்டி இறக்கி, கீழே அதன் விரிப்பில் சாப்பாடு கொடுங்கள்.

குரைப்பு

கேற்றைப் பார்த்துக் குரைப்பது எச்சரிக்கை. நாம் கத்தினால் நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்று நினைக்கும். கேற் கம்பிக்குத் தகரமோ கிடுகோ அடித்துப் பார்வையை மறைத்தாலே கணிசமாகக் குறையும். மிச்சத்துக்கு, அமைதியாகப் போய்ப் பாருங்கள், "சரி, பார்த்தாச்சு" என்று ஒரே சொல், ஒரே தொனி. கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்து துண்டு கொடுங்கள். பாட்டோடு வரும் பாண் ஆட்டோ பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு. ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வரும், தூரத்திலேயே கேட்கும். மெல்லிய சத்தம் கேட்டதும் துண்டு போடத் தொடங்கி, கடந்து போனதும் நிறுத்துங்கள்.

உங்களைப் பார்த்து நின்று, சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் குரைப்பது கேட்டு வாங்குவது. அதற்குப் பார்வை கூடக் கொடுக்கக் கூடாது. வாயை மூடிய நொடியில் கவனியுங்கள். முதல் சில நாள் முன்பை விட அதிகமாகக் குரைக்கும். வழக்கமாகக் கிடைத்தது ஏன் வரவில்லை என்று தேடுகிறது. அந்தக் கட்டத்தில் பொறுக்க முடியாமல் ஒருவர் கொடுத்துவிட்டால், இவ்வளவு நேரம் குரைத்தால் கிடைக்கும் என்று அது உறுதியாகப் படித்துவிடும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் நிற்கும் நாய் குரைக்காமல் என்ன செய்யும்? ஓட இடமில்லாததால் வருபவர் மீது பாயவும் பழகும். விடியற்காலையில் நடத்திக்கொண்டு போங்கள், முகரவிடுங்கள். வைகாசி, ஆனி வெயிலில் பகல் மணலும் தார் ரோட்டும் பாதத்தைச் சுடும், புறங்கையை வைத்துப் பாருங்கள். கடற்கரையில் தெருநாய்க் கூட்டம் நிற்கும் பக்கத்தைத் தவிருங்கள். கோட்டைப் பக்கம் மான்கள் திரிவதால் வார் இல்லாமல் விடவே கூடாது.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் ஐப்பசி இடிச் சத்தத்துக்கும் நடுங்கும் நாய்க்கு உள்ளறை, மூடிய சன்னல், ஓடும் காற்றாடி. உங்களிடம் ஒட்டிக்கொண்டால் விலக்காதீர்கள். ஆறுதல் கொடுப்பதால் பயம் அதிகமாகாது. அன்றைக்கும் அடுத்த நாளும் பயிற்சி வேண்டாம்.

பிள்ளைகள் இருந்தால்

பெரியவர் ஒருவர் கண் வைத்திருக்காமல் பிள்ளையையும் நாயையும் ஒன்றாக விடக் கூடாது. ஃபோனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது கண் வைத்திருப்பது ஆகாது. பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம், கட்டிப்பிடிக்கும்போது கடி முகத்தில்தான் விழும். பிள்ளைகள் சாப்பிடும் நேரம் நாய் வேறு இடத்தில் இருக்கட்டும். நாய் பாய்ந்தால் ஓடாமல், மரம் மாதிரிக் கை கட்டித் தரையைப் பார்த்து நிற்கச் சொல்லிப் பழக்குங்கள்.

பல் பட்டுவிட்டால்

சின்னக் கீறல் என்றாலும் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், நாயின் ஊசி அட்டையையும் கொண்டு போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். போட வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். நாயைக் கொல்லவோ துரத்தவோ கூடாது. 14 நாள் அதைக் கவனிக்கச் சொல்வார்கள், அது உயிரோடு கண்முன்னே இருப்பது கடிபட்டவருக்கே நல்லது.

காயம் ஆழமாக இருந்தாலோ, எச்சரிக்கை இல்லாமல் கடித்தாலோ, மிருக வைத்தியரிடம் போய் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்தும் சில நாய்களுக்குத் தேவைப்படும். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை போன்ற வாய்மூடியைப் பழக்கலாம். உள்ளே மீன் துண்டை வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பல நாள் பொறுங்கள், பிறகே வாரைப் பூட்டுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில், எல்லாம் செய்தும் கடிப்பது நிற்கவில்லை என்றால், பிள்ளைகள் இல்லாத அமைதியான ஒரு வீட்டைத் தேடிக் கொடுப்பது தவறில்லை. எடுப்பவரிடம் எதையும் மறைக்காதீர்கள். எப்போது கடிக்கும், எதைப் பார்த்துப் பயப்படும், எந்தச் சாப்பாட்டுக்கு ஓடி வரும் என்று அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். எடுத்த கடற்கரையிலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவதை மட்டும் செய்ய வேண்டாம். வீட்டுக்குப் பழகிய சின்ன நாயை அங்கே உள்ள நாய்க் கூட்டம் ஏற்காது.